தோளில் ஓர் ஆட்டுக்குட்டி: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், எங்கே போனாலும் கத்தோலிக்கர்கள் தங்கள் மறைமாவட்டத் தலைவரை 'ஆயர்' என்கிறார்கள். ஆயர் இல்லம், ஆயர் பேரவை, துணை ஆயர், பேராயர்... செய்தித்தாளில் அடிக்கடி கண்ணில் படும் சொற்கள். பழகிப்போனதால் காதில் விழுவதே இல்லை. ஒரு நிமிடம் நின்று அதைக் கேட்டுப் பாருங்கள். ஆயர்! ஆநிரை மேய்த்த முல்லை நிலத்து இடையர்களின் பெயர் அல்லவா அது?

ஆங்கிலேயர் சொல்லும் 'பிஷப்' என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்று பொருள். நம் தாத்தா பாட்டி காலத்துக் கத்தோலிக்கர்கள் 'மேற்றிராணியார்' என்றார்கள்; சொல்லும்போதே எதிரில் ஒரு பல்லக்கு வந்து நிற்கும். அந்த இடத்தில்தான் நம் தமிழ், கால் முழுக்கப் புழுதியோடு நடக்கிற இடையனின் பெயரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது! தென்னிந்தியத் திருச்சபையிலும் இதே சொல் உண்டு. அங்கே பிஷப் 'பேராயர்', உள்ளூர்ச் சபையின் குரு 'ஆயர்'. எப்படிப் பார்த்தாலும் இடையன்தான்.

ஆனால் ஒரு சங்கடமும் இருக்கிறது. தலைவர் ஆயர் என்றால் மக்கள் யார்? மந்தை! நம் ஊர்ப் பேச்சில் 'ஆட்டு மந்தை' என்றால் திட்டு. யோசிக்காமல் முன்னால் போகிறவன் பின்னால் போகிற கூட்டம். "நாங்கள் என்ன ஆடுகளா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடிப் போனபோது கிடைத்தவை ஒவ்வொன்றும் என்னைத் தூக்கிவாரிப் போட்டன. கேளுங்கள்.

முதலில், ஆடு ஒன்றும் முட்டாள் இல்லை, தெரியுமா? சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில், கோடைக்காலத்தில், ஆடு மேய்க்கும் இரண்டு கீதாரிகளின் கிடைகள் தண்ணீருக்கு வந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான உருப்படிகள், எது யாருடையது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. இனி எப்படிப் பிரிக்கப் போகிறார்களோ என்று நான்தான் பதறினேன். அவர்கள் பீடி பற்ற வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும் நேரம் வந்ததும் ஒருவர் கிழக்கே நடந்தபடி நாக்கை மடித்து ஓர் ஒலி எழுப்பினார். இன்னொருவர் தெற்கே நடந்தபடி வேறோர் ஒலி. அவ்வளவுதான். மந்தை நடுவில் வகிடு எடுத்ததுபோல் பிரிந்து போயிற்று! யோவான் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் ஆடுகள் தம் மேய்ப்பனின் குரலை அறியும் என்று இயேசு சொல்வதை எத்தனையோ முறை கோவிலில் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதைப் பார்த்தேன்.

அறிவியலும் இதைச் சொல்கிறது. 2001-இல் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாம் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கீத் கென்ட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு: ஒரு செம்மறியால் 50 ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்க முடியும்! 2017-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். எட்டு ஆடுகளுக்குப் புகழ்பெற்றவர்களின் புகைப்படங்களைக் காட்டிப் பழக்கினார்கள், ஒபாமாவின் முகம் உட்பட. ஆடுகள் அடையாளம் கண்டுகொண்டன. அதைவிட வியப்பு, தம்மைப் பராமரிக்கிறவரின் படத்தை, அதற்கென்று எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் திடீரென்று காட்டியபோதும், பெரும்பாலான தடவை சரியாகத் தேர்ந்தெடுத்தன. தன்னைப் பார்த்துக்கொள்கிறவன் யார் என்று ஆட்டுக்குத் தெரிகிறது!

இயேசுவின் படம் என்றால் உடனே என்ன நினைவுக்கு வரும்? தாடி, நீண்ட முடி, சிலுவை. ஆனால் முதல் கிறிஸ்தவர்கள் சுவரில் வரைந்த இயேசு எப்படி இருந்தார் தெரியுமா? தாடி இல்லை. முழங்கால் வரை ஏறிய குட்டை அங்கி. கழுத்தைச் சுற்றித் தோளில் ஓர் ஆடு. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில், பிரிஸ்கில்லா, கலிஸ்து சுரங்கங்களில், திரும்பத் திரும்ப இந்த இளைஞன்தான். சிலுவையில் தொங்கும் இயேசுவின் மிகப் பழைய சித்திரிப்புகளுள் ஒன்று உரோமையின் சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் இருக்கிறது. அது 5-ஆம் நூற்றாண்டு. ஆட்டைச் சுமக்கும் இளைஞனோ அதற்கு இருநூறு ஆண்டு மூத்தவன்!

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தூரா-யுரோப்போஸ் என்ற கோட்டை நகரம் இருந்தது. அங்கே ஒரு சாதாரண வீட்டை ஏறத்தாழ 240-ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்கள் வழிபாட்டு இடமாக மாற்றியிருந்தார்கள். திருமுழுக்குத் தொட்டிக்கு மேலே சுவரில், ஆட்டைத் தோளில் போட்டு நிற்கும் மேய்ப்பன். சில ஆண்டுகளிலேயே பாரசீகப் படை முற்றுகையிட்டது. மதிலுக்கு வலுச் சேர்க்க, அதை ஒட்டியிருந்த வீடுகளுக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள் காவல் வீரர்கள். நகரம் அழிந்தது. அந்த மண்தான் ஓவியத்தைக் காத்தது! 1930-களில் தோண்டியபோது மேய்ப்பன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறான்.

'நல்ல ஆயன்' என்கிறோமே, யோவான் எழுதிய கிரேக்கத்தில் அந்த 'நல்ல' என்ற இடத்தில் இருப்பது 'கலோஸ்'. அழகு என்றும் அதற்குப் பொருள் உண்டு! அழகிய ஆயன். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த வாசகத்தை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

இப்போது நான் சொல்ல மிகவும் ஆசைப்பட்டது. பேராயர்கள் பெருவிழாத் திருப்பலியில் மற்ற உடைகளுக்கெல்லாம் மேலே, தோளைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை அணிந்திருப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? சுமார் மூன்று விரல் அகலம். ஆறு கறுப்புச் சிலுவைகள். முன்னால் ஒரு துண்டு தொங்கும், பின்னால் ஒரு துண்டு. அதன் பெயர் பாலியம். சுற்றிலும் பட்டும் சரிகையும் மின்னும்போது இது மட்டும் வெறும் கம்பளி. ஏன் கம்பளி தெரியுமா? அது ஆடு! தோளில் கிடக்கும் ஆடு!

அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜனவரி 21, புனித ஆக்னெஸ் திருநாள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உயிரைக் கொடுத்த உரோமைச் சிறுமி. லத்தீனில் ஆட்டுக்குட்டிக்கு 'ஆக்னுஸ்' என்று பெயர். இவள் பெயரோடு ஒட்டி ஒலிப்பதால் ஆட்டுக்குட்டியே அவளுடைய அடையாளம் ஆகிவிட்டது. மரபுப்படி அவள் நாளில் இரண்டு செம்மறிக் குட்டிகளைக் கூடையில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஒன்றுக்கு வெள்ளைப் பூ, கன்னிமைக்கு. இன்னொன்றுக்குச் சிவப்புப் பூ, சிந்திய இரத்தத்துக்கு. ஆசீர் பெற்ற அந்தக் குட்டிகளின் உரோமம் சாந்தா செசிலியா மடத்துப் பெனடிக்ட் சபைத் துறவியரிடம் போகிறது. அவர்கள் கையால் பாலியம் நெய்யப்படுகிறது. ஜூன் 29, புனிதர் பேதுரு, பவுல் பெருவிழாவுக்கு முன் அவை பேதுருவின் கல்லறைக்கு அருகே வைக்கப்படுகின்றன. யார் அந்தப் பேதுரு? உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மூன்று முறை "என் மேல் அன்பா?" என்று கேட்டு, மூன்று முறையும் தம் ஆடுகளை ஒப்படைத்தாரே, அவர்! மும்முறை மறுதலித்தவரிடம்தான் மந்தையே ஒப்படைக்கப்பட்டது.

பாலியத்தின் இரு முனைகளிலும் கறுப்புப் பட்டு போர்த்தியிருக்கும். அது ஆட்டின் குளம்பு என்று விளக்கம் சொல்வார்கள். சென்னை-மயிலை, மதுரை, புதுவை-கடலூர், கொழும்பு பேராயர்களின் தோளில் அடுத்த முறை அதைப் பார்க்கும்போது, இரண்டு கால் முன்னால், இரண்டு கால் பின்னால் தொங்கக் கிடக்கும் குட்டியைப் பாருங்கள். தூரா-யுரோப்போஸின் சுவரோவியம்தான், கண் முன்னால்!

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு மாற்றம் செய்தார். பாலியத்தைப் பேராயர்களுக்கு அவரவர் ஊரில், அவரவர் மக்கள் நடுவில் அணிவிக்க வேண்டும் என்றார். ஆட்டை ஆடுகளின் முன்னால்தானே தூக்க வேண்டும்! பத்து ஆண்டு கழித்து, 2025 ஜூன் 29-இல், பதினான்காம் லியோ மீண்டும் தம் கையாலேயே உரோமையில் அணிவித்தார். இரண்டுக்கும் நியாயம் உண்டு. என் மனம் முதலாவதன் பக்கம்தான்.

ஆயரின் கையிலிருக்கும் கோல் ஏன் மேலே வளைந்திருக்கிறது? வழி தவறிய ஆட்டின் கழுத்திலோ காலிலோ மாட்டி இழுக்க. ஆயர் தம் மறைமாவட்டத்தில் அதை ஏந்தி நடக்கும்போது வளைவு மக்களை நோக்கியிருக்க வேண்டும். பீடச் சிறுவன் கையில் இருக்கும்போதோ வளைவு அவன் பக்கம் திரும்பியிருக்கும். தோளில் போட்ட மெல்லிய துணியால் கையை மூடிக்கொண்டு, வெறும் கை படாமல் அவன் அதைப் பிடித்திருப்பான். எங்கள் பங்கில் ஒரு உறுதிபூசுதல் நாளன்று அப்படி நின்ற சிறுவன், தன்னைவிட உயரமான அந்தக் கோலை இரண்டு மணிநேரம் அசையாமல் பிடித்திருந்தது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. திருத்தந்தைக்கு மட்டும் வளைகோல் கிடையாது, தெரியுமா? நேரான கோல், உச்சியில் சிலுவை.

சரி, அந்த இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். மக்கள் வெறும் பின்தொடரும் கூட்டமா? அப்படிச் சொன்ன காலம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. 1906-இல் பிரான்ஸ் நாட்டுக்கு எழுதிய சுற்றுமடலில் திருத்தந்தை பத்தாம் பயஸ், மக்களின் ஒரே கடமை சாதுவான மந்தையாக மேய்ப்பர்களைப் பின்தொடர்வது என்ற பொருளில் எழுதினார். 58 ஆண்டுதான் கடந்தது. 1964 நவம்பர் 21-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் பெரும் ஏட்டை வெளியிட்டது. திருச்சபைக்கு அது தொகுத்த உருவகங்களின் வரிசையில் முதலில் நிற்பது எது? ஆட்டுப்பட்டி! ஆனால் அந்தப் பட்டிக்கு ஒரே வாசல் கிறிஸ்து; மந்தைக்கு உண்மையான மேய்ப்பன் கடவுள். ஆயர்களைப் பற்றிய அதிகாரத்துக்கு முன்னால், 'இறைமக்கள்' பற்றிய அதிகாரத்தை வைத்தார்கள். அதிகார வரிசையில் செய்த இந்த ஒரு மாற்றம் எத்தனை மாநாடுகளுக்குச் சமம்!

2013-இல் பிரான்சிஸ் வந்தார். பதவிக்குத் தேர்வாகிப் பதினைந்தே நாளில், மார்ச் 28 பெரிய வியாழன் காலைத் திருப்பலியில், மேய்ப்பர்கள் மேல் ஆட்டின் வாடை வீச வேண்டும் என்று குருக்களிடம் சொன்னார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அவர் எழுதியது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது: ஆயர் சில நேரம் முன்னால் போக வேண்டும், சில நேரம் நடுவில், சில நேரம் பின்னால், ஏனென்றால் புதிய தடத்தை மந்தையே கண்டுபிடிக்கும் நேரமும் உண்டு! எந்தக் கீதாரியைக் கேட்டாலும் இதை ஒத்துக்கொள்வார். தண்ணீர் எங்கே என்று பல நேரம் ஆட்டுக்குத்தான் முதலில் தெரியும்.

கெட்ட மேய்ப்பர்கள்? அவர்களைப் பற்றிப் பேச வெளியாள் வேண்டியதே இல்லை. இறைவாக்கினர் எசேக்கியேலின் 34-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் அவர்கள் மேல் பாயும் இடி: பாலைக் குடித்தீர்கள், உரோமத்தை உடுத்தினீர்கள், நலிந்ததைத் தேற்றினீர்களா என்று கேட்கும் இடி. ஆப்பிரிக்க நகரமான இப்போவின் ஆயராக இருந்த புனித அகுஸ்தீன் இதை வைத்து நீண்ட மறையுரை ஒன்று ஆற்றினார். இன்றும் ஆண்டுதோறும், பொதுக்காலத்தின் 24, 25-ஆம் வாரங்களில், குருக்களும் ஆயர்களும் தங்கள் தினசரிச் செபத்தில் அதை வாசிக்க வேண்டும். இரண்டு வாரம்! தங்கள் மேலேயே விழும் அந்தச் சாட்டையை அவர்களே ஒவ்வோர் ஆண்டும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

மேய்ப்பர்களுக்குக் கையேடு எழுதியவர் ஒரு திருத்தந்தை, பெரிய கிரகோரி, ஏறத்தாழ 590-இல். அதை 300 ஆண்டு கழித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஓர் அரசர்! வெசெக்ஸ் நாட்டு ஆல்பிரட். தம் ஆயர்களுக்குப் பிரதிகளை அனுப்பியபோது ஒவ்வொன்றோடும் விலையுயர்ந்த கருவி ஒன்றையும் அனுப்பினார். வரியைச் சுட்டிப் படிக்கும் கோலாக இருக்கலாம் என்கிறார்கள். 1693-இல் சோமர்செட் வயலில் கிடைத்து இன்று ஆக்ஸ்போர்டில் இருக்கும் 'ஆல்பிரட் நகை' அவற்றுள் ஒன்றின் தலைப்பகுதி என்பது பல அறிஞர்களின் கருத்து.

மேய்ப்பன் ஆண்தான் என்று யார் சொன்னது? 1703-இல் ஸ்பெயினின் செவில் நகரில் இசிதோரோ என்ற கப்புச்சின் துறவி, மரியாவை இடைச்சியாக வரையச் சொன்னார். தெய்வீக இடைச்சி, 'திவினா பஸ்தோரா'! அந்தப் பக்தி கடல் தாண்டிப் போயிற்று. கரீபியன் தீவான டிரினிடாடில் சிப்பாரியா என்ற ஊரில் அவளுக்கு ஓர் ஆலயம். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன நம்மவர்களும் உண்டு. அப்படிப் போன இந்துக்கள் கத்தோலிக்க இடைச்சி மரியாவைப் பார்த்தார்கள். 'சிப்பாரி மாயி' என்றார்கள். தாயே என்று கும்பிட்டார்கள்! இன்றும் பெரிய வியாழன் இரவும் புனித வெள்ளியும் இந்துக்கள் கூட்டம் கூட்டமாக அந்த ஆலயத்துக்கு வருகிறார்கள். அரிசி, எண்ணெய், பூ காணிக்கை வைக்கிறார்கள். குழந்தையின் முதல் முடியை அங்கே இறக்குகிறார்கள். வாசலில் நாவிதர்கள் கத்தியோடு காத்திருப்பார்கள். வேளாங்கண்ணியில் மொட்டை போட்ட எனக்கு இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

நம் கோவாவின் அதிசயம் வேறு மாதிரி. 17-ஆம் நூற்றாண்டு யானைத் தந்தச் சிற்பங்கள். மலைமேல் குழந்தை இயேசு உட்கார்ந்திருக்கிறார். தோளில் ஒரு குட்டி, மடியில் ஒரு குட்டி. தலையைக் கையில் சாய்த்துக் கண்மூடிய நிலை. புத்தர் சிலையின் அமைதி! மலைச்சரிவில் ஊற்று, நீர் குடிக்கும் ஆடுகள், அடியில் குகைக்குள் மகதலா மரியா. கையளவு தந்தத்தில் ஒரு முழு மேய்ச்சல் நிலம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவற்றைப் பார்க்கலாம்.

மேய்ப்பன் ஆட்டுக்குட்டியாகவும் இருப்பானா? இந்தக் கேள்வியில் பெரிய சபைகளே மோதிக்கொண்டன. 692-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம், கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரையக் கூடாது, மனிதராகத்தான் வரைய வேண்டும் என்று விதித்தது. சிரியக் குடும்பத்தில் பிறந்த திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ் கையெழுத்திட மறுத்தார். அதுமட்டுமா? திருப்பலியில் அப்பத்தைப் பிட்கும் நேரத்தில் 'இறைவனின் செம்மறி' பாடலைச் சேர்த்தவரும் அவரே. அது அந்த விதிக்கு அவர் தந்த பதில் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். உங்கள் ஊர்க் கோவிலில் இன்று பாடும் பாடலுக்கு வயது 1,300!

ஆட்டுக்காக உயிரைக் கொடுத்த மேய்ப்பர்களின் கதை எத்தனையோ. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஸ்டான்லி ரோதர். லத்தீன் ஏறாததால் குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். வேறு குருமடத்தில் சேர்ந்து 1963-இல் குருவானார். 1968-இல் குவாத்தமாலாவின் ஏரிக்கரை ஊரான சாந்தியாகோ அத்தித்லானுக்குப் போய், லத்தீன் வராத அதே மனிதர், ட்சுதுஹில் மாயா மக்களின் மொழியைக் கற்று அதில் திருப்பலி நிறைவேற்றினார். அவர்களோடு நிலத்தை உழுதார். உள்நாட்டுப் போர். அவர் பெயர் கொலைப்பட்டியலில் ஏறியது. 1981 ஜனவரியில் ஊருக்குத் திரும்பியவர், புனித வாரத்துக்குள் மறுபடியும் தம் மக்களிடம் வந்துவிட்டார். ஆபத்து தெரிந்தவுடன் மேய்ப்பன் ஓடக் கூடாது என்று அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் மடலிலேயே எழுதியிருந்தார். 1981 ஜூலை 28, நள்ளிரவு கடந்த வேளையில் அவருடைய அறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். உடல் ஓக்லஹோமாவுக்குப் போயிற்று. அந்த மாயா மக்கள் கேட்டதால் இதயம் மட்டும் அவர்கள் கோவிலில் அடக்கமாயிற்று! 2017-இல் அருளாளர் ஆனார். அமெரிக்காவில் பிறந்து, மறைசாட்சி என்று திருச்சபையால் ஏற்கப்பட்ட முதல் மனிதர்.

2005 ஏப்ரல் 24, பதினாறாம் பெனடிக்ட் பதவியேற்ற நாள். தோளில் புதிய பாலியம். அந்தக் கம்பளி, காணாமல்போன, நோயுற்ற, நலிந்த ஆடு என்று மறையுரையில் விளக்கினார். ஓநாய்களுக்கு அஞ்சித் தாம் ஓடிவிடாதிருக்கத் தமக்காக மன்றாடும்படி கேட்டுக்கொண்டார். நான்கு ஆண்டு கழிந்தது. 2009 ஏப்ரலில் இத்தாலியின் லாக்குவிலா நகரை நிலநடுக்கம் தாக்கியது. அதே மாதம் 28-ஆம் நாள் பெனடிக்ட் அங்கே போனார். சேதமடைந்த ஆலயத்தில் 1294-இல் பதவி துறந்த திருத்தந்தை ஐந்தாம் செலஸ்தீனின் உடல் இருக்கிறது. பெனடிக்ட் தம் பதவியேற்பில் அணிந்த அந்தப் பாலியத்தைச் செலஸ்தீன் மேல் வைத்துவிட்டு வந்தார்! அன்று யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. 2013 பிப்ரவரியில் அவரும் பதவி துறந்தார்.

மற்ற பேராயர்களின் பாலியம் என்ன ஆகும், தெரியுமா? வாரிசுக்குப் போகாது. அருங்காட்சியகத்துக்கும் போகாது. பேராயர் இறந்தால் அதை அணிவித்தே அடக்கம் செய்வார்கள். இடமாற்றத்தால் ஒன்றுக்கு மேல் பெற்றிருந்தால் மற்றவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். எந்த மக்களைச் சுமந்தாரோ அந்த எல்லா ஆடுகளும் அவரோடு மண்ணுக்குள் போகின்றன.